பெட்டி வாசலில் நின்றுபோகும் பந்து

அகஸ்ரினின் கண்ணுக்கு எந்தப் பழுதும் தப்பியது கிடையாது. கோயிலில் பூசை தொடங்குமுன்னரே ஒலிபெருக்கியின் கீச்சுச் சத்தம் அவருக்குத்தான் முதலில் கேட்கும். கலியாண மண்டபத்துக்குள் காலடி வைத்ததும், எந்த மேசையின் விரிப்பு ஒரு பக்கம் இழுபட்டுக் கிடக்கிறது என்று சொல்லிவிடுவார். சிலர் அதைக் கெட்டித்தனம் என்றார்கள். மனைவி அருள்மலர் அதை ஒரு வருத்தம் என்றாள், மருந்தில்லாத வருத்தம். மிசிசாகாவில் கார்க் கதவுகளுக்குப் பிளாஸ்ரிக் உறை செய்கிற பக்டரிக்காரர்கள் மட்டும்தான் அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

அங்கே அவருக்குத் தரம் பார்க்கிற வேலை. பழுதான துண்டு ஒன்று வந்தால் மஞ்சள் தாளில் எழுதவேண்டும். எந்த மெசின், எத்தனை மணி, என்ன பழுது, காரணம் என்ன, என்ன திருத்தம் செய்தது. ஐந்து கட்டங்கள். காரணத்துக்கான கட்டத்தை வெறுமையாக விட்டால் மேற்பார்வையாளன் தாளைத் திருப்பி எறிந்துவிடுவான். ஆறு வருடத்தில் அகஸ்ரினுடைய தாள் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

ஆனால் 1997 புரட்டாதி மாதம் அவருடைய ஸ்காபரோ அப்பார்ட்மென்ற் பிரிட்ஜ் கதவில் நாலு மஞ்சள் தாள்கள் காந்தத்தில் தொங்கின. நாலிலும் காரணக் கட்டம் வெறுமை. அவை கார்க் கதவு பற்றியவை அல்ல. கடலொளி விளையாட்டுக் கழகத்தின் உதைபந்தாட்ட அணியைப் பற்றியவை. அகஸ்ரின் அதன் பயிற்சியாளர். அணி நாலு சனிக்கிழமைகளில் நாலு ஆட்டம் ஆடி, ஒரு கோல்கூடப் போடவில்லை.

தோற்றது பரவாயில்லை. தோற்கிற அணி உலகம் முழுக்க இருக்கிறது. பந்து முன்னுக்குப் போகவில்லை என்றாலும் மனம் ஆறும், பொடியளுக்கு ஆடத் தெரியவில்லை என்று விட்டுவிடலாம். இவர்களுக்கோ ஆடத் தெரியும். அதுதான் அகஸ்ரினை விசராக்கியது. பின்வரிசையிலிருந்து பந்து அழகாக எழும்பும். நடுவில் மூன்று கால் மாறும். இடது கரையில் நிசாந்தன் அதை எடுத்துக்கொண்டு பறப்பான். எதிரணியின் கோலுக்கு முன்னால் பதினெட்டு யார்ப் பெட்டி கீறியிருக்குமே, அதன் வாசல்வரைக்கும் எல்லாம் முறையாக நடக்கும். வாசலில் வந்ததும் ஆட்டம் செத்துவிடும். மணியை அடிப்பதா, கதவைத் தட்டுவதா என்று தெரியாமல் வெளியில் நிற்கும் விருந்தாளி மாதிரிப் பந்து அங்கேயே நிற்கும். யாராவது வந்து எடுத்துக்கொண்டு போவார்கள்.

நாலாவது தாளின்படி, பந்து வாசல்வரை போனது முப்பத்தொரு தடவை. கோலை நோக்கி உதைத்தது இரண்டு தடவை. அந்த இரண்டில் ஒன்று மைதானத்துக்கு அப்பால் நின்ற பஸ்ஸில் பட்டது. முப்பத்தொன்றில் இருபத்துநாலு, ஒரே சோடிச் சப்பாத்தின் கீழே முடிந்திருந்தது. ஒன்பதாம் இலக்கச் சட்டை, சென்ரர் போர்வேர்ட், வயது நாற்பத்திரண்டு: அலெக்ஸாண்டர்.

இதற்குமேல் என்ன காரணம் வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அகஸ்ரினுக்கும் தெரியும். ஆனால் அலெக்ஸாண்டர் அவருடைய அத்தான். அக்கா எமில்டாவைக் கட்டியவர்.

தீவுப்பகுதியில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கச் சாமிமாரின் பள்ளிக்கூடத்தில் தமிழும் இங்கிலிசும் படித்து, அந்தப் பள்ளிக்கூட அணியில் இடது கரையில் ஓடி, இருபத்துநாலு வயதில் கணுக்கால் முறிந்து ஆட்டத்தை விட்டவர் அகஸ்ரின். பிறகு கொழும்பில் லொட்ஜ் லொட்ஜாக நாலு வருடம் காத்திருந்தார். 1991இல் அலெக்ஸாண்டர் பொறுப்பெடுத்துக் கையெழுத்து வைத்துத்தான் அவர் ரொறன்ரோவில் வந்து இறங்கினார். இரண்டு வருடம் அத்தானின் பேஸ்மென்றில் இருந்தார். ஒரு நாளும் அத்தான் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் இப்போது எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

கழகத்தைத் தொடங்கியவரும் அலெக்ஸாண்டர்தான். மட்டைப்பெட்டி செய்கிற பக்டரி ஒன்றில் அவர் லீட் ஹாண்ட், வேலையாட்களுக்குத் தலையாள். பதினொரு பேரில் எட்டுப் பேருக்கு அந்தப் பக்டரியில் வேலை எடுத்துக் கொடுத்தவர். ஆட்டத்துக்கு அவர்களை ஏற்றி இறக்குகிற நீல வானும் அவருடையது. அவர் பெட்டி வாசலில் நின்று வலது கையைத் தூக்கினால், பந்து வைத்திருக்கிறவன் அவருக்குக் கொடுத்தேயாக வேண்டும். அதையும் எப்படிக் கொடுப்பார்கள்? அண்ணைக்கு முழங்கால் ஏலாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆகையால் தட்டில் வைத்து நீட்டுவது மாதிரி, உருட்டி, மெள்ள, மரியாதையாகக் கொடுப்பார்கள். பந்து அவரிடம் போய்ச் சேருவதற்குள் எதிரணியில் நாலு பேர் வந்து நின்றுவிடுவார்கள்.

இதைத் தவிர வேறு எல்லாக் காரணத்தையும் கரையில் நின்றவர்கள் சொன்னார்கள். மைதானம் ஓடைப்பக்கம் சரிவு என்றார் ஒருவர். ஆட்டத்துக்கு முதல் மட்டன் ரோல்ஸ் தின்னக்கூடாது என்றார், வாயில் ரோல்ஸோடு நின்ற இன்னொருவர். கோல் கம்பத்துக்குத் தீர்த்தம் தெளிக்க வேண்டும், சாமியைக் கூப்பிடுங்கோ என்றார் நீக்கிலாப்பிள்ளை அங்கிள். எல்லாரும் ஒன்பதாம் இலக்கத்தைப் பார்த்துக்கொண்டே சரிவையும் ரோல்ஸையும் பற்றிக் கதைத்தார்கள். அகஸ்ரின் தலையாட்டித் தலையாட்டிக் கழுத்து நோகிற அளவுக்கு வந்துவிட்டார்.

நாலாவது தோல்விக்கு மறுநாள், ஞாயிறு பின்னேரம், அப்பார்ட்மென்றின் கீழ்த்தளத்தில் இருக்கிற பார்ட்டி அறையில் கழகக் கூட்டம் வைத்தார்கள். அலெக்ஸாண்டர் ஓவர்டைம் என்று வரவில்லை. செயலாளர் அன்புராசா எழும்பி நின்றார். வீடு விற்கிற ஏஜன்ற். கழுத்துப்பட்டி கட்டாமல் அவரைக் கண்டவர்கள் குறைவு.

"அகஸ்ரின் அண்ணை, குறை நினைக்காதேங்கோ. உங்கட பொடியளுக்குக் கோல் அடிக்க விசா எடுக்கோணுமோ? போடர் வரைக்கும் போறாங்கள், திரும்பி வாறாங்கள்."

அறை சிரித்தது. அகஸ்ரினும் சிரிப்பதுபோல வாயை அகட்டினார்.

"நான் கணக்கு எடுத்து வைச்சிருக்கிறன்," என்றார்.

"கணக்கு வேண்டாம் அண்ணை. காரணம் சொல்லுங்கோ."

பக்டரியில் மேற்பார்வையாளன் கேட்கிற அதே கேள்வி. அகஸ்ரின் சுற்றிப் பார்த்தார். இருபது முகங்களும் அவரையே பார்த்தன. இருபது பேருக்கும் விடை தெரியும். ஒருவராவது வாயைத் திறந்தால் இவர் ஓமென்று சொல்லிவிடலாம். எல்லாரும் இவருடைய வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தார்கள். அத்தானின் எட்டுப் பொடியளும் சப்பாத்து நூலைச் சரிபார்த்தார்கள்.

"மைதானமும் கொஞ்சம் சரிவு," என்றார் அகஸ்ரின். தன் குரலைக் கேட்க அவருக்கே வெட்கமாக இருந்தது.

முடிவு எழுதப்பட்டது. வருகிற சனிக்கிழமை கடைசி ஆட்டம். வெல்ல வேண்டாம், ஒரு கோல் போட்டால் காணும். அதுவும் இல்லையென்றால் அடுத்த வருடத்துக்கு அன்புராசா பயிற்சியாளர்.

மற்றவர்களுக்கு இது சின்ன விசயம். அகஸ்ரினுக்கு அப்படி இல்லை. கிழமையில் ஐந்து நாள் அவர் மற்றவர்கள் செய்த பொருளைத் தூக்கிப் பார்த்து, சரியில்லை என்று எறிகிறவர். எறிந்ததைத் திருத்துகிறவன் வேறொருவன். சனிக்கிழமை மூன்று மணித்தியாலம்தான், ஒன்றைத் தன் கையால் சரிப்படுத்தலாம் என்ற உரிமை அவருக்குக் கிடைத்திருந்தது. அதையும் வாங்கிக் கழுத்துப்பட்டிக்காரனிடம் கொடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

திங்கள் பின்னேரம் அவர் வீடியோவைப் போட்டார். ஆட்டங்களைப் படம் பிடிப்பது அருள்மலரின் பொறுப்பு. அவள் பிடித்த படத்தில் ஆட்டமும் இருந்தது, இல்லை என்று சொல்லக்கூடாது.

"இது ஆரின்ர சாறி?" என்று கேட்டார் அகஸ்ரின்.

"ரஞ்சியின்ர. வடிவாயிருக்கெல்லே?"

"நிசாந்தன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுறான், நீர் சாறியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்."

"அவன் எப்பிடியும் பெட்டிக்குக் கிட்டப் போய் நிக்கத்தானே போறான். அதுக்குள்ள திரும்பி வந்திட்டன். பாருங்கோ, நிக்கிறான்."

நின்றுதான் இருந்தான். அகஸ்ரின் படத்தை நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, மறுபடி விட்டார். அத்தானின் கை தூக்கல். நிசாந்தனின் தலை திரும்பல். பந்து உருளல். எத்தனை தடவை பார்த்தாலும் ஒரே கதை. ஏழாவது தடவையில் அருள்மலர் ரிமோட்டைப் பறித்தாள்.

"எல்லாருக்கும் தெரிஞ்ச விசயத்தை என்னத்துக்கு வீடியோ கசற் தேயத் தேயப் பாக்கிறியள்? போய் அத்தானுக்குச் சொல்லுங்கோ."

"என்னெண்டு சொல்லுறது?"

"வாயாலதான்."

புதன்கிழமை வேலை முடிந்ததும் நேரே அத்தான் வீட்டுக்குக் காரை விட்டார். அத்தான் போன வருடம்தான் மலிவு என்று அஜக்ஸில் வீடு வாங்கிப் போனவர். மிசிசாகாவிலிருந்து அஜக்ஸுக்கு, பின்னேரம் ஐந்து மணிக்கு, 401 நெடுஞ்சாலையில் போவதென்பது புத்தியுள்ளவன் செய்கிற காரியம் அல்ல. ஒரு மணி நாற்பது நிமிடம் கார் ஊர்ந்தது. அந்த நேரம் முழுக்க அகஸ்ரின் சொல்லவேண்டிய வசனத்தைச் சொல்லிப் பார்த்தார்.

"அத்தான், நீங்கள் கொஞ்சம் ரெஸ்ற் எடுத்தால் என்ன?" முதியோர் இல்லத்துக்கு அனுப்புவது மாதிரி இருந்தது. "அத்தான், புதுப் பொடியளுக்கும் ஒரு சான்ஸ் குடுப்பம்." அன்புராசா வீடு விற்கிற மாதிரி இருந்தது. "அத்தான், நீங்கள் பந்தை வாங்காதேங்கோ." இது உண்மை. இதைச் சொல்லிவிட்டு அக்காவின் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடிக்க முடியாது.

அஜக்ஸுக்கு முன்னால் இருக்கிற பிக்கரிங் வந்தபோது மூன்று வசனமும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

அலெக்ஸாண்டர் சோபாவில் சாய்ந்து கிடந்தார். முழங்காலை ஒரு துவாய் மூடியிருந்தது. துவாய்க்குக் கீழே உறைந்த பட்டாணிப் பை ஒன்று தெரிந்தது. மச்சானைக் கண்டதும் பையை இழுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"வா மச்சான், வா. என்ன இந்த ரபிக்குக்குள்ள?"

"சும்மா வந்தனான் அத்தான். வீடியோ கசற் ஒண்டு கிடக்கு. பாப்பமெண்டு."

எமில்டா அக்கா தேத்தண்ணியும் பணியாரமும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் ஓடுற பந்துக்குப் பின்னால ஓடுங்கோ, வீட்டுக்குப் பின்னால புல்லு இடுப்பளவு வளந்து கிடக்கு," என்று சொல்லிப் போனாள்.

படம் ஓடியது. ரஞ்சியின் சேலை போனது. நிசாந்தன் பந்தோடு வந்தான். அத்தானின் கை எழும்பியது. அகஸ்ரின் தொண்டையைச் செருமினார். மூன்று வசனத்தில் எது முதலில் வருகிறதோ அதைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, வாயைத் திறந்தார்.

"பாத்தியோ?" என்று கத்தினார் அலெக்ஸாண்டர்.

அகஸ்ரின் வாயை மூடினார்.

"பாத்தியோ உவனை? நான் போ போ எண்டு கை காட்டுறன். நீ கொண்டுபோய் அடியடா எண்டு காட்டுறன். உவன் எனக்குக் கொண்டுவந்து தாறான்! நிப்பாட்டு. பின்னுக்கு விடு. பார், என்ர கையைப் பார். இது கேக்கிற கையோ? இது கலைக்கிற கை!"

அகஸ்ரின் எழும்பிப்போய் ரீவியின் முன்னால் குந்தியிருந்தார். எட்டாவது தடவை பார்த்தார். கை தூக்கியது உண்மை. விரல்களோ கோல் பக்கம் அசைந்தன, காணிக்குள் வந்த கோழியை விரட்டுகிற மாதிரி. ஏழு தடவை பார்த்தும் தெரியாமல் போன பழுது. ஒரு சாண் இறங்கிய மேசை விரிப்பைத் தூரத்திலேயே பிடிக்கிற கண், இதை விட்டிருக்கிறது.

"நீங்கள் இதை அவங்களுக்குச் சொல்லேல்லையே அத்தான்?"

"எத்தினை தரம் சொன்னனான்! வானுக்குள்ள சொன்னனான், பக்டரியில சொன்னனான். 'ஓம் அண்ணை, ஓம் அண்ணை' எண்டுறாங்கள். பேந்து கொண்டுவந்து காலுக்குள்ள வைக்கிறாங்கள். நான் அடக்கமாச் சொல்லுறன் எண்டு நினைக்கிறாங்கள் போல."

"அப்ப ஏன் அத்தான் விளையாடுறியள், இந்தக் காலோட?"

அலெக்ஸாண்டர் அவரை வெறித்துப் பார்த்தார்.

"நீதானே ஒவ்வொரு கிழமையும் லிஸ்ரில என்ர பேரை முதலாவதா எழுதுறாய்? கோச் எழுதின பிறகு நான் மாட்டன் எண்டு சொன்னால் உன்ர மரியாதை என்ன ஆகிறது? பொடியள் என்ன நினைப்பாங்கள், மச்சானுக்கும் மச்சானுக்கும் கொழுவல் எண்டெல்லே கதைப்பாங்கள்?" அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து பட்டாணிப் பையை எடுத்து முழங்காலில் வைத்தார். "ரெண்டு வருசமா நான் படிக்கட்டு ஏறுறது குண்டியால அரைச்சு அரைச்சு. கேள் அக்காட்டை."

அகஸ்ரினுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று பார்த்தால் ஒருவரும் அகப்படவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் தாளை எடுத்து, யோசிக்காமல், கோல் காப்பவனுக்கும் முதல் அத்தானின் பேரை எழுதியவர். எழுதாமல் விட்டால் அத்தான் என்ன நினைப்பார்? எழுதியபடியால் அத்தான் ஓடினார். அத்தான் ஓடியபடியால் பொடியள் கொடுத்தார்கள். இருபது பேர் முன்னால் மைதானம் சரிவு என்று சொன்னதும் அவரேதான்.

"சனிக்கிழமை நீங்கள் விளையாட வேண்டாம் அத்தான்," என்றார்.

"கடவுளே!" என்று அலெக்ஸாண்டர் இரண்டு கையையும் மேலே தூக்கினார். "உது சொல்ல உனக்கு நாலு மட்ச் தேவைப்பட்டதோ?"

சனிக்கிழமை இரண்டு மணிக்கு, அஜின்கோர்ட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில், அகஸ்ரின் அணியைக் கூட்டி வைத்து லிஸ்ரை வாசித்தார். ஒன்பதாம் இலக்கத்தில் வேறு பெயர். பொடியள் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி நின்றார்கள்.

"அண்ணைக்கு என்ன?" என்று கேட்டான் நிசாந்தன். "ஏதும் பிரச்சினையோ?"

"ஒரு பிரச்சினையும் இல்லை. கரையில நிண்டு பாப்பார்."

"அப்ப பெட்டிக்குக் கிட்டப் போய் ஆருக்குக் குடுக்கிறது?"

"கோலுக்குக் குடு," என்றார் அகஸ்ரின்.

நிசாந்தன் தலையாட்டினான். விளங்கியவன் ஆட்டுகிற ஆட்டலாக அது தெரியவில்லை.

ஆட்டம் ஒரு பாதிக்கு முப்பத்தைந்து நிமிடம். பத்தாவது நிமிடத்தில் எதிரணி ஒரு கோல் போட்டது. அகஸ்ரின் அதைப் பொருட்படுத்தவில்லை. அவருக்கு வேண்டியது தன் பக்கம் ஒன்று. பதினைந்தாவது நிமிடத்தில் பந்து அழகாக எழும்பியது. மூன்று கால் மாறியது. நிசாந்தன் இடது கரையில் பறந்தான். பெட்டி வாசலுக்கு வந்தான். முன்னால் கோல் காப்பவன் ஒருவன்தான், அவனும் ஒரு பக்கமாய் ஒதுங்கி நின்றான்.

நிசாந்தனின் தலை திரும்பியது. நடுவில் ஒன்பதைத் தேடியது. அங்கே அண்ணை இல்லை. கண் தேடிக்கொண்டே கரைக்கு வந்தது. கரையில், அகஸ்ரினுக்குப் பக்கத்தில், மண்ணிறச் சுவெற்றர் போட்டுக்கொண்டு நின்ற அலெக்ஸாண்டர் பழக்கதோசத்தில் வலது கையைத் தூக்கி, போ போ என்று விரலை ஆட்டினார்.

நிசாந்தன் பந்தைக் கரைக்கு உருட்டிவிட்டான். மெள்ள, மரியாதையாக. பந்து கோட்டைத் தாண்டி வந்து அலெக்ஸாண்டரின் சப்பாத்தில் பட்டு நின்றது.

எதிரணியின் கரையிலிருந்து சிரிப்பு எழும்பியது. நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே குனிந்து சிரித்தார். அன்புராசா கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு, "அண்ணை, இது எந்த நாட்டு ரக்ரிக்ஸ்?" என்று கேட்டார்.

"எடேய், நான் சுவெற்றரோட நிக்கிறன் எண்டு தெரியேல்லையோடா!" என்று அலெக்ஸாண்டர் கத்தினார்.

"சொறி அண்ணை!" என்று நிசாந்தன் அங்கிருந்து கத்தினான். "கையைத் தூக்கினியளெல்லே!"

பாதி நேரத்துக்கு முன் இன்னும் ஒன்பது தடவை பந்து வாசலுக்குப் போனது. ஒன்பது தடவையும் தலைகள் கரைக்குத் திரும்பின. அலெக்ஸாண்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், பிறகு பின்னால் வைத்துக்கொண்டு நின்றார். நின்றதே காணும். அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே ஆட்டம் சாய்ந்தது. ஓடைப்பக்கச் சரிவு அல்ல, இதுதான் மைதானத்தின் சரிவு.

இடைவேளைக்கு விசில் ஊதியது. பொடியள் தோடம்பழத் துண்டுகளைச் சுற்றி நின்றார்கள். அகஸ்ரின் அத்தானைப் பார்த்தார். ரொறன்ரோ விமான நிலையத்தில், குளிருக்கு ஒரு மேலங்கியோடு வந்து நின்ற மனிதர். ஆறு வருடத்தில் அந்த மனிதருக்கு அகஸ்ரின் இதைச் செய், அங்கே போ என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. உப்பை எடுத்துத் தாருங்கோ என்று கேட்பதற்கும் மேசையைச் சுற்றித் தானே எழும்பிப் போனவர்.

"அத்தான்," என்றார். "வானுக்குள்ள போய் இருங்கோ."

அலெக்ஸாண்டருக்கு முதலில் விளங்கவில்லை. "என்ன, ஏதும் எடுத்துக்கொண்டு வரவோ?"

"ஒண்டும் எடுக்க வேண்டாம். உள்ள போய் இருங்கோ. கதவைச் சாத்திக்கொண்டு. மட்ச் முடியுமட்டும் வெளியில வராதேங்கோ."

தோடம்பழம் சப்புகிற சத்தம் நின்றது. எட்டுப் பொடியளும் பார்த்தார்கள். அன்புராசா பார்த்தார். அருள்மலர் கமராவை இறக்கிவிட்டு, "இஞ்சருங்கோ, அக்கா கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?" என்று முணுமுணுத்தாள்.

அகஸ்ரினின் முகம் சுட்டது. வார்த்தையைத் திருப்பி எடுக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தார். எடுக்கவில்லை.

அலெக்ஸாண்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். வாய் ஓரத்தில் ஏதோ ஒன்று அசைந்தது, கோபமோ சிரிப்போ, சொல்லமுடியவில்லை. வான் திறப்பைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். "எல்லாரும் கோச் சொல்லுறதைக் கேட்டியளோடா?" என்று பொடியளைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வலது காலை இழுத்து இழுத்துக் கார் நிறுத்துகிற இடத்துக்கு நடந்தார். வானின் கதவு சாத்திய சத்தம் மைதானம்வரை கேட்டது.

இரண்டாம் பாதியின் முதல் பதினைந்து நிமிடமும் அகஸ்ரினுக்கு நரகம். பொடியள் பந்தைக் கொண்டு போவார்கள், வாசலில் தலையைத் திருப்புவார்கள், கரையில் அண்ணையைக் காணாமல் இவரைப் பார்ப்பார்கள். இவரும் "அடியடா!" என்று கத்திக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். நாலாவது தடவை தன் கையைத் தானே கண்டார். எழும்பி, விரல் ஆட்டி, கோழி விரட்டுகிற அதே கை. பதறிப்போய் இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார். வாயையும் மூடினார். அடுத்த தடவை பந்து வாசலுக்குப் போனபோது முகத்தையே ஓடைப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு மரத்தைப் பார்த்தார். அந்த மரத்தில் ஒரு கிளை பட்டுப்போயிருந்தது.

அதனால் நடந்ததை அவர் பாதிதான் கண்டார். நிசாந்தன் நடுவில் தேடினான், கரையில் தேடினான், கேட்பதற்கு ஒரு ஆள் இல்லை. "அறுவான்!" என்று யாரைத் திட்டினானோ தெரியாது, திட்டிக்கொண்டு வலது காலால் உதைத்தான். அவன் இடதுகாலன். பந்து கோணல்மாணலாகப் போய் எதிரணியில் ஒருவனின் இடுப்பில் பட்டு, கோல் காப்பவன் இடப்பக்கம் பாய, வலப்பக்கத்தால் உருண்டு உள்ளே போனது. அதைவிட அசிங்கமான கோல் அந்த வருடம் ஸ்காபரோவில் ஒருவரும் போட்டிருக்கமாட்டார்கள்.

கரை துள்ளியது. நீக்கிலாப்பிள்ளை அங்கிள் பக்கத்தில் நின்றவரைக் கட்டிப்பிடித்தார். நிசாந்தன் மட்டும் கையைத் தூக்காமல், பெரிய ஆட்களின் சாமானை உடைத்துவிட்டவன் மாதிரி, கார் நிறுத்துகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பிடிச்சீரோ?" என்று அகஸ்ரின் அருள்மலரிடம் கத்தினார்.

"பற்றறி மாத்திக்கொண்டு நிண்டனான்," என்றாள் அவள்.

அன்புராசா வந்து கைகொடுத்தார். கொடுத்த கையை விடாமலே, "ஒண்டு சரி அண்ணை. ஏன் ரெண்டாவது வருகுதில்லை எண்டதையும் நாங்கள் ஒருக்கா ஆராய வேணும்," என்றார். அகஸ்ரின் கையை உருவிக்கொண்டார்.

பயிற்சியாளன் ஆட்டத்தின் நடுவில் கரையை விட்டுப் போகக்கூடாது. தெரியும். ஆனாலும் போனார். பாதி நடையாகவும் பாதி ஓட்டமாகவும் போனார். நீல வானின் முன் இருக்கையில் அலெக்ஸாண்டர் சாய்ந்து கிடந்தார். சப்பாத்தைக் கழற்றி, வலது காலைத் தூக்கி டாஷ்போர்டில் வைத்து, குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ஐஸ்பையை முழங்காலில் போட்டு, வாயைத் திறந்துகொண்டு நித்திரை. மூன்று கிழமை ஓவர்டைம் செய்த மனிதரின் நித்திரை. நாலு மட்ச் காத்திருந்த கோல் ஐம்பது யார் தூரத்தில் நடந்திருக்கிறது, இந்த மனிதர் குறட்டை விடுகிறார். எரிச்சலில் கண்ணாடியைத் தட்டினார்.

அலெக்ஸாண்டர் கண்ணை விழித்தார். கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கினார்.

"இன்னும் சைபர்தானோ?"

"இல்லை அத்தான். ஒண்டு."

"ஆர்?"

"நிசாந்தன். வலது காலால."

"வலது காலாலயோ? அவனுக்கு வலது கால் இருக்கோ?" அலெக்ஸாண்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐஸ்பை கீழே விழுந்தது. மைதானப் பக்கம் எட்டிப் பார்த்து, சப்பாத்தைத் தேடத் தொடங்கினார். "நல்லது, நல்லது. அப்ப நான் வெளியில வரலாம்தானே?"

அகஸ்ரின் கதவின் மேல் கையை வைத்து அமத்திப் பிடித்தார்.

"வராதேங்கோ அத்தான். இன்னும் பதினெட்டு நிமிசம் கிடக்கு."